30% டிவிடெண்ட் என்றால் 30% வருமானமா?

கேள்வி: ''நெல் விற்ற பணமும், இரண்டு கறவை மாடுகளை விற்ற பணமுமாக 2 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். 'வங்கியில் போடாதீங்க மாமா, இந்தப் பங்குல டிவிடெண்டே 30% வருது' என்கிறார் மைத்துனர். நம்பி வாங்கலாமா?''
- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: ''முதலில் அந்த 30% எதன் மீது என்று மைத்துனரிடம் கேளுங்கள். நிறுவனங்கள் டிவிடெண்ட் சதவிகிதத்தைப் பங்கின் முகமதிப்பின் மீது சொல்வது உண்டு. முகமதிப்பு 10 ரூபாய் என்றால் 30% என்பது 3 ரூபாய்தான். அந்தப் பங்கைச் சந்தையில் 300 ரூபாய் கொடுத்து வாங்கினால், உங்கள் பணத்துக்குக் கிடைப்பது 1%. ஆண்டு டிவிடெண்டை, நீங்கள் கொடுக்கும் விலையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அதுதான் 'டிவிடெண்ட் யீல்டு'. நமக்கு வேண்டிய கணக்கு இதுவே.

யீல்டே 30% என்றால், இன்னும் கவனம் தேவை. 200 ரூபாய் பங்குக்கு 8 ரூபாய் டிவிடெண்ட் என்றால் யீல்டு 4%. பங்கு 100 ரூபாய்க்குச் சரிந்தால், போன வருடத்து 8 ரூபாயை வைத்து யீல்டு 8% என்று காட்டும். நிறுவனம் கூடுதலாக ஒரு பைசாவும் தரவில்லை, விலைதான் விழுந்திருக்கிறது. மாடு மலிவாக வருகிறது என்றால் மடியைப் பார்க்காமல் வாங்குவோமா?

அந்த மடியைப் பார்ப்பதுதான் 'பேஅவுட் ரேஷியோ'. ஒரு பங்குக்கான லாபத்தில் எவ்வளவு டிவிடெண்டாகப் போகிறது என்ற கணக்கு. லாபம் 20 ரூபாய், டிவிடெண்ட் 8 ரூபாய் என்றால் 40%. மீதி, விதைநெல் மாதிரி தொழிலிலேயே இருக்கும். 100-ஐத் தாண்டினால், அந்த வருட விளைச்சல் போதாமல் பழைய குதிரிலிருந்தும் அள்ளித் தருகிறார்கள் என்று அர்த்தம்.

நிஜ உதாரணம் பாருங்கள். 2022-23 நிதியாண்டில் வேதாந்தா நிறுவனம் ஒரு பங்குக்கு 101.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவில் பங்கு விலை சுமார் 275 ரூபாய். யீல்டு ஏறக்குறைய 37%! ஆனால், அந்த ஆண்டு ஒரு பங்குக்கான லாபம் 30 ரூபாய்கூட இல்லை. லாபத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 29.50 ரூபாயாகக் குறைந்தது. 37% நிலைக்கும் என்று நினைத்து வாங்கியவர்களுக்குக் கணக்கு தப்பிப்போனது. அதே 2022-23-ல் கோல் இந்தியா 24.25 ரூபாய் கொடுத்தது. அது லாபத்தில் பாதிக்குச் சற்றே அதிகம். ஆனாலும், நிலக்கரி, உலோகம் போன்ற தொழில்களில் லாபம் ஏறி இறங்கும். எனவே, ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல், ஐந்து வருட டிவிடெண்டையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். டிவிடெண்டுக்கான உரிமை முடியும் நாளில், பங்கு விலை பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்கும். அதனால், 'டிவிடெண்டை வாங்கிவிட்டு மறுநாளே விற்றுவிடலாம்' என்பது லாபமாகாது. அடுத்து, 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட், வாங்குபவரின் வரிக்குரிய வருமானம். விவசாய வருமானத்துக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஜூனில் கட்ட வேண்டிய கல்லூரிப் பணத்தை எந்தப் பங்கிலும் போடாதீர்கள். டிவிடெண்ட் வந்தாலும், விற்கும் நேரத்தில் விலை குறைந்திருந்தால் முதலே குறையும். அந்த 2 லட்சம் வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும். ஐந்தாறு வருடங்கள் தொடத் தேவையில்லாத பணம் கையில் சேரும்போது, மேலே சொன்ன இரண்டு கணக்குகளையும் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மைத்துனரையும் அருகில் உட்காரவைத்துப் போடுங்கள், அவருக்கும் உதவும்.''