பிரேமானந்தின் வித்தை

பாலக்காட்டிலிருந்து வரும் ரயில்பாதை கோவையை நெருங்கும் இடத்தில் உள்ளது போத்தனூர். அங்கு வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்தை 'நாத்திகப் பிரச்சாரகர்' என்று மட்டும் ஆய்வுலகம் குறிப்பது குறைபாடுடையது. கோழிக்கோட்டில் பிறந்த அவர் முதன்மையாக ஒரு மேடைக் கலைஞர்.

நீண்ட வெண்தாடியுடன் சாமியாரைப் போலவே தோன்றுவார். வெறுங்கையில் திருநீறு வரவழைப்பார், எரியும் கற்பூரத்தை நாவில் ஏந்துவார். பின்னர், கஞ்சியில் குழைத்துக் காயவைத்த நீற்றுருண்டை விரலிடுக்கில் ஒளிந்திருந்ததைக் காட்டுவார். தமிழில் 'வித்தை' என்ற சொல் அறிவையும் தந்திரத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. அவருடைய மேடையில் இரண்டாம் பொருள் முதற்பொருளாக மாறியது.

அற்புதத்தை நிரூபிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று இலங்கையில் ஆபிரகாம் கோவூர் விடுத்த அறைகூவலை, 1978இல் அவர் மறைந்தபின் பிரேமானந்த் தொடர்ந்தார். 1986இல் இன்னும் துணிந்தார்: காற்றிலிருந்து தங்கநகை வரவழைப்பதாகக் கூறப்பட்ட சத்ய சாய்பாபாமீது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். அற்புதம் உண்மையானால் அது உரிமமற்ற உற்பத்தி அல்லவா! வழக்கு தள்ளுபடியானது. எனினும் அற்புதத்தை மறுக்காமல், அதை அப்படியே ஏற்று அதன் சட்ட விளைவைக் கேட்ட அந்த வாதம் எந்தத் தத்துவக் கட்டுரைக்கும் இளைத்ததன்று.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 'இவர் செய்வது தந்திரம், அவர் செய்வது மெய்' என்று பார்வையாளர் பிரித்துக்கொள்ளலாம். பிரேமானந்தும் அதை அறியாதவரல்லர். மரணப்படுக்கையில் மனம் மாறினார் என்று வதந்தி எழலாம் எனக் கருதி, இறுதிவரை பகுத்தறிவாளனே என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டு வைத்தார்.