மூன்று மாதக் கணக்கும் முப்பது வருடக் கணக்கும்

"ஏ1சி ஏழுக்குள் வந்துவிட்டதே டாக்டர், பிறகு ஏன் புரை?" இந்தக் கேள்விக்கு நம் மனத்தில் முதலில் எழும் விடை சார்பிட்டால். ரூத் வான் ஹெய்னிங்கன் 1959இல் நீரிழிவு எலியின் லென்சில் அதைக் கண்டது முதல் பாடநூல்களில் அது அசையாமல் அமர்ந்திருக்கிறது. டைப் 1 இளைஞரின் ஸ்நோஃப்ளேக் புரைக்கு அந்த விளக்கம் பொருந்தும். சார்பிட்டால் சேர்வதால் நீர் ஏறி நார்செல்கள் வீங்குகின்றன. ஆனால் மனித லென்சில், குளுக்கோஸைச் சார்பிட்டாலாக்கும் ஆல்டோஸ் ரிடக்டேஸின் வேகம் எலியைவிட மிகக் குறைவு. எலியில் புரையைத் தடுத்த மருந்துகள் மனிதப் புரைக்காக நம் மருந்துச் சீட்டுவரை வந்து சேரவில்லை.

அறுபது வயது டைப் 2 நோயாளியின் கதை வேறு. அவருடைய லென்சின் நடுவிலுள்ள கிரிஸ்டலின்கள் அவர் தாய் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. உட்கருவை இழந்த நார்செல்லால் புதுப் புரதம் செய்ய முடியாது. அந்தப் பழைய புரதத்தின் லைசினில் குளுக்கோஸ் ஒட்டி ஷிஃப் பேஸ் ஆகிறது. அந்தக் கட்டத்தில் அது பிரிந்தும் போகலாம். அமடோரி நிலை தாண்டி, புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்பு விழுந்தபின் திரும்ப வழியில்லை. கிரிஸ்டலின் கரைசலைக் குளுக்கோஸுடன் வைத்திருந்தாலே அது கலங்குவதை 1978இல் ஸ்டீவன்ஸ், மோனியர், செராமி குழுவினர் காட்டினார்கள். சர்க்கரை ஒட்டிய புரதத்தின் கந்தகத் தொகுதிகள் எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து, டைசல்ஃபைடு பிணைப்புகளால் பெருந்திரளாகின்றன. திரளாமல் காக்கும் ஆல்ஃபா கிரிஸ்டலினும் அதே பழைய இருப்புதான்.

புரதத்தில் சர்க்கரை ஒட்டும் இந்தக் கிளைக்கேஷன் ஒன்றே காரணம் என்று வாதிட மாட்டோம். நீரிழிவே இல்லாத முதியவரின் பழுப்பு லென்சிலும் இந்தப் பிணைப்புகள் உண்டு. அங்கே வைட்டமின் சியின் சிதைவுப் பொருள்களுக்கும் பங்கிருக்கக்கூடும் என்பதை, மனித வைட்டமின் சி கடத்தியை லென்சில் பொருத்திய எலிகள் 2006இல் காட்டின. 'கண்ணுக்கு நல்லது' என்று அந்த மாத்திரையை எழுதும் கை சற்றே தயங்கலாம்.

ஏ1சியும் கிளைக்கேஷன்தான். ஆனால் சிவப்பணு 120 நாளில் போய்விடுவதால் அதன் நினைவு மூன்று மாதம். லென்சுக்கு அந்த விடுதலை இல்லை. நம் கேஸ் ஷீட்டிலோ ஏ1சிக்குக் கட்டம் இருக்கிறது. நோயின் காலம் 'டிஎம் உண்டு' என்பதோடு முடிந்துவிடுகிறது. எந்த வயதில் தொடங்கியது, எத்தனை வருடம் கட்டுப்பாடின்றிக் கிடந்தது என்பதற்கும் இரண்டு வரி ஒதுக்குவோம். வருடம் கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. முதல் மாத்திரை எப்போது என்று கேட்டுப் பாருங்கள். "மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்று பதில் வரும். டைப் 2 பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருவதால், அதற்கு முன்னும் சில வருடங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.