காரணமில்லாமல் நடப்போம்

கடலோரப் பழைய ஊரான காயல்பட்டினத்தின் முடுக்குகளைப் பார்த்தவர்கள் வியந்து எழுதுகிறார்கள். வீடுகளுக்கு நடுவே, பெண்கள் புழங்குவதற்கென்றே விட்ட சந்துகள் அவை. “பெண்களுக்கு எவ்வளவு மரியாதை!” என்கிறார்கள். நானும் ஒரு நாள் முழுக்க அந்த ஊரை நடந்தே பார்த்தேன். முடுக்கெங்கும் பேச்சும் சிரிப்பும். கல்யாணமான பிறகும் பெண் தாய்வீட்டோடு இருக்கும் ஊர் அது, வீடு மகளுக்குத்தான். சரி, வீடு அவளுடையது. வாசலுக்கு முன்னால் கிடக்கும் தெரு யாருடையது?

ஓர் ஊர்மீது, ஒரு மதத்தின்மீது பழியைப் போட்டுத் தப்பிக்க வேண்டாம். அக்ரகாரத்துக் கொல்லைப்புறமும் இதே வேலையைத்தான் செய்தது. நான் வசிக்கும் மேல்விஷாரத்தைச் சுற்றி, ஆம்பூர்வரை, ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியலில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளை யாரும் நிறுத்துவதில்லை. அவளே ஞாயிற்றுக்கிழமை பாலாற்றங்கரைவரை சும்மா நடக்கட்டும். “எங்கே போறே?” என்று பத்துப் பேர் கேட்பார்கள்.

சம்பளத்துக்கு நடக்கலாம். தண்ணீருக்கு நடக்கலாம். கோயிலுக்கும் தர்காவுக்கும் நடக்கலாம். காரணமில்லாமல் மட்டும் நடக்கக் கூடாது.

பாதுகாப்பின் பெயரால் ஒதுக்கித் தரும் சந்து நமக்குப் போதாது. நடுத்தெரு வேண்டும், பதில் சொல்லாமல் அதில் நடக்கவும் வேண்டும்.