தாதிமை இல்லத்தில் பாட்டும் ஓவியமும்: வெறும் பொழுதுபோக்கா?

தாத்தாவோ பாட்டியோ தாதிமை இல்லத்தில் இருந்தால், பார்க்கப் போகும் குடும்பத்தார் ஊழியர்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: "சாப்பிட்டாங்களா? மருந்து கொடுத்தீங்களா? கீழே ஏதும் விழலையே?"

"இன்னிக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்பவர்கள் குறைவு.

ஆனால் அந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரில் இனி முக்கியத்துவம் கூடப் போகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்டவராக இருப்பார். 2020இல் தாதிமை இல்லங்களில் சுமார் 16,000 படுக்கைகள் இருந்தன. 2030க்குள் அதை 31,000க்கும் மேல் உயர்த்துவது சுகாதார அமைச்சின் திட்டம். பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட இரு மடங்கு.

மருத்துவமனைக்குப் போகிறவர் சில நாளில் வீடு திரும்புவார். தாதிமை இல்லத்துக்குப் போகிறவர்களில் பலருக்கு அதுதான் கடைசி வீடு. அங்கே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டும். அந்த வாழ்க்கையில் என்ன இருக்கிறது?

இல்லத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பல இல்லங்களில் நாள் சீக்கிரமே தொடங்கிவிடும். குளியல், காலை உணவு, மருந்து. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடி உடற்பயிற்சி. மதிய உணவு, சின்னத் தூக்கம், தேநீர், தொலைக்காட்சி. இரவு உணவும் சீக்கிரமே.

இடையிடையே பிங்கோ, வண்ணம் தீட்டுதல், கரோக்கே உண்டு. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்றால் தொண்டூழியர்கள் கூட்டமாக வருவார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள். எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, என்ன பாட்டு போடுவது, படத்துக்கு எந்த நிறம் அடிப்பது என்று பெரும்பாலும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள்.

2016இல் லியன் அறநிறுவனமும் கூ சுவீ நியோ அறநிறுவனமும் ஆதரித்த ஓர் அறிக்கை, சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களைப் பற்றி இரண்டே சொல்லில் சொன்னது: பாதுகாப்பு உண்டு, உயிரோட்டம் இல்லை. மருத்துவமனை வார்டு போன்ற அமைப்பு, பலர் பகிரும் அறைகள், ஒரே மாதிரியான அட்டவணை ஆகியவை அன்று பெரிதாக விவாதிக்கப்பட்டன.

அரசாங்கமும் இதை அறியாமல் இல்லை. 2015இல் நடப்புக்கு வந்த தாதிமை இல்லத் தரநிலைகள் மருத்துவப் பராமரிப்போடு நிற்கவில்லை. சமூகப் பராமரிப்பையும் அவை ஒரு தனி அங்கமாகச் சேர்த்தன.

'போர்' அடிப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம் என்கிறார் அமெரிக்க மருத்துவர் பில் தாமஸ். 1991இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் உள்ள தாதிமை இல்லத்துக்கு அவர் மருத்துவராகப் போனார். அங்கிருந்தவர்களை உண்மையில் வாட்டுவது தனிமை, சலிப்பு, 'என்னால் எதற்கும் பயனில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும்தான் என்று அவருக்குப் பட்டது. இவற்றுக்கு மாத்திரை கிடையாது.

அவர் என்ன செய்தார்? இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளிகளை இல்லத்துக்குள் கொண்டு வந்தார். அறைதோறும் செடி வைத்தார். ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளி முடிந்து நேராக அங்கே வந்தார்கள். ஒரே கலாட்டா!

கிளிக்குத் தீனி வைக்க ஆள் வேண்டும், நாயை நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டும். இல்லவாசிகளே அதற்கு முன்வந்தார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அங்கே ஒருவருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்துகள் பக்கத்தில் இருந்த இன்னோர் இல்லத்தைவிடப் பாதியாகக் குறைந்திருந்தன.

அதற்கும் முன்பே ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. 1976இல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியல் நிபுணர்கள் அதை வெளியிட்டார்கள். ஓர் இல்லத்தின் இரண்டு மாடிகளில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், படமும் காட்டினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்.

ஒரு மாடியில்: "பிடித்த செடியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள். படத்தை எந்த இரவு பார்ப்பது என்பதும் உங்கள் விருப்பம்."

இன்னொரு மாடியில்: "இது உங்கள் செடி, தாதியர் தண்ணீர் ஊற்றுவார்கள். படம் இந்த நாளில்."

மூன்று வாரம் கழித்து, தாங்களே முடிவெடுத்த மாடியில் இருந்தவர்கள் அதிக உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள். சிறிய ஆய்வு என்பதால் அதன் பிந்தைய புள்ளிவிவரங்கள் பற்றி விவாதம் உண்டு. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. செடி ஒன்றுதான், படம் ஒன்றுதான். யார் கையில் முடிவு என்பது மட்டும்தான் மாறியது.

ஓர் இல்லத்தில் வாரத்துக்கு எத்தனை நடவடிக்கை நடக்கிறது என்று எண்ணினால் மட்டும் போதாது. அதில் இல்லவாசி பார்வையாளரா, பங்காளியா என்று கேட்க வேண்டும்.

டிமென்ஷியா இருப்பவருக்குக் கலையால் என்ன பயன்?

மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.8 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனும் முதுமை மறதி இருக்கிறது. தாதிமை இல்லங்களில் இவர்கள் நிறைய பேர்.

பெயர் மறந்துபோகும், நேற்று நடந்தது மறந்துபோகும். ஆனால் இளவயதில் கேட்ட பாட்டு மட்டும் பலருக்கு நெடுநாள் தங்கிவிடுகிறது. பேச்சுக் குறைந்துபோனவர்கூடப் பழைய பாட்டு ஒன்று ஒலித்தால் கூடவே முணுமுணுப்பதைப் பராமரிப்பாளர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் அலசியது. 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்தது. நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதற்குக் கைகொடுப்பதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று அது சொன்னது. கலை டிமென்ஷியாவைக் குணப்படுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பதற்றம் குறையலாம், மனநிலை மேம்படலாம், பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டுதல் வரலாம். அதுவே பெரிய விஷயம்.

இதில் நமக்கெல்லாம் உதவும் ஒரு சூட்சுமத்தை அமெரிக்காவின் ஆன் பாஸ்டிங் கண்டுபிடித்தார். 1990களில் மில்வாக்கி நகரத் தாதிமை இல்லம் ஒன்றில் அவர் நாடகம் நடத்திப் பார்த்தார். பழையதை நினைவுகூரச் சொன்னால் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் சஞ்சிகையிலிருந்து ஒரு கவ்பாய் படத்தைக் கிழித்து வந்தார். "இவருக்கு என்ன பெயர் வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார். ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல ஒரு கதையே உருவாகிவிட்டது. சிரிப்பு, பாட்டு எல்லாம் வந்தது. அவர் தொடங்கிய 'டைம்ஸ்லிப்ஸ்' முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? "நான் யாருன்னு தெரியுதா பாட்டி?" என்று கேட்டால் அது பரீட்சை. பதில் தெரியாதவருக்கு வெட்கமும் பயமும்தான் மிஞ்சும். "இந்தப் படத்துல என்ன நடக்குது பாட்டி?" என்று கேட்டால் தவறான பதில் என்று ஒன்று கிடையாது.

சிங்கப்பூரில் என்ன நடக்கிறது?

மாற்றங்கள் தொடங்கி வெகு காலம் ஆகிறது. பாசிர் ரிஸ் வட்டாரத்தில் உள்ள ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ், டிமென்ஷியா உள்ளவர்களுக்காகவே 1999இல் தொடங்கப்பட்ட இல்லம்.

ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள செயின்ட் ஜோசப்ஸ் ஹோம் புதுப்பிக்கப்பட்டு 2017இல் திறந்தபோது, அதன் வளாகத்துக்குள்ளேயே குழந்தைப் பராமரிப்பு நிலையமும் வந்தது. பிள்ளைகளும் மூத்தோரும் சேர்ந்து விளையாட ஒரு விளையாட்டுத் திடலும் உண்டு. தொண்டூழியர் வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகள் தினமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தேசியக் கலைகள் மன்றம் 2012 முதல் மூத்தோருக்கென 'சில்வர் ஆர்ட்ஸ்' திட்டத்தை நடத்துகிறது. மரணம், கடைசிக்கால விருப்பம் போன்ற, வீட்டில் பேசத் தயங்கும் விஷயங்களை நாடகம் மூலம் பேசவைத்த 'போத் சைட்ஸ், நவ்' கலைத்திட்டம் 2013இல் தொடங்கியது.

ஆனால் இவை எல்லா இல்லங்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. காரணம் எளிது: ஆள்பலம். குளிப்பாட்ட வேண்டும், ஊட்டிவிட வேண்டும், படுத்த படுக்கையாக இருப்பவரை நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கே நேரம் போய்விடும். ஒருவர் தானே கத்தி பிடித்துக் காய் நறுக்க ஆசைப்பட்டால், பக்கத்தில் ஓர் ஊழியர் நிற்க வேண்டும்.

பயமும் இருக்கிறது. கைவிரலில் சின்னக் காயம் பட்டாலும் குடும்பத்தார் கோபித்துக்கொள்வார்கள். அதனால், 'எதற்கு வம்பு, உட்கார்ந்தே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவது சுலபம். விழாமல் இருப்பது மட்டுமே வெற்றி என்று குடும்பமே நினைத்தால், இல்லமும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

தமிழ் பேசுவோருக்கு என்ன நிலைமை?

சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அதே விகிதம் இல்லங்களிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் வசிக்கும் இல்லத்தில் தமிழ் பேசுவோர் ஐந்தே பேர். அவர்களும் வெவ்வேறு மாடிகளில் இருக்கலாம்.

ஊழியர்களோ பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருந்தால் அது அதிர்ஷ்டம். 1948இல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் யீஷூனில் நடத்தும் இல்லத்தைப் போல, இந்தியச் சமூக அமைப்பு ஒன்று எல்லா இனத்தவருக்கும் நடத்தும் இல்லங்களும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அப்படி இடம் அமையாது.

டிமென்ஷியா முற்றும்போது பலர் பிற்காலத்தில் கற்ற மொழிகளை விட்டு முதல் மொழிக்கே திரும்பிவிடுவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தபோது மலாயும் ஆங்கிலமும் பேசிய தாத்தா, இப்போது தமிழில் மட்டும் பேசலாம். ஹொக்கியன் கரோக்கே நடக்கும் அறையில் அவர் அமைதியாக உட்கார்ந்திருந்தால், குறிப்பேட்டில் 'ஆர்வம் காட்டவில்லை' என்று பதிவாகக்கூடும். உண்மையில் அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இளையர்கள் என்ன செய்யலாம்?

தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு. ஒரு பக்கம் பாட்டியோடு தமிழில் பேசலாம். மறுபக்கம் தாதிக்கு ஆங்கிலத்தில் விளக்கலாம்.

- ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். பிடித்த பழைய பாடகர், செய்த வேலை, பிடித்த பலகாரம், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதி, 'தண்ணி', 'வலி', 'கழிவறை' போன்ற சொற்களின் உச்சரிப்பையும் சேர்த்து ஊழியர்களிடம் கொடுக்கலாம்.

- பாட்டுப் பட்டியல் ஒன்று செய்யுங்கள். அவருடைய 15 முதல் 25 வயதுக் காலத்துப் பாடல்களில் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்ததைப் போடாதீர்கள். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

- செய்து காட்டாமல் கற்றுக்கொள்ளுங்கள். பல்லாங்குழி ஆட்டம், பூக்கட்டும் முறை, கோலப் புள்ளி. "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்க பாட்டி" என்று சொன்னால், அந்த அரை மணி நேரம் அவர் நோயாளி அல்ல, ஆசிரியர்.

- திரும்பிப் போங்கள். பள்ளியின் வி.ஐ.ஏ. திட்டத்தில் முப்பது பேர் ஒரே நாளில் போய் ஆடிப்பாடிவிட்டு வருவது நல்லதுதான். ஆனால் அதே முப்பது பேர் மூன்று மூன்று பேராகப் பிரிந்து பத்து வாரம் போனால் முகம் பழகும், பெயர் பழகும். போவதற்கு முன் இல்லத்திடம் கேட்டு நேரம் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லவாசிக்கு உண்டு. சிலருக்குக் கூட்டம் பிடிக்காது. தனியாக வானொலி கேட்டுக்கொண்டு கோப்பி குடிப்பதே அவருடைய விருப்பமாக இருக்கலாம். அதை மதிப்பதும் இதில் சேர்த்திதான்.

அடுத்த முறை தாதிமை இல்லத்துக்குப் போகும்போது, சாப்பாடு, மருந்து பற்றிக் கேட்ட பிறகு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்: "இந்த வாரம் அவங்களா எதைத் தேர்ந்தெடுத்தாங்க? யாரோட பேசினாங்க?" ஊழியர்களிடம் பதில் இல்லாவிட்டால் கோபப்பட வேண்டாம். இரண்டிலும் குடும்பம் எப்படி உதவலாம் என்று கேட்கலாம்.