அப்பத்தாவின் சுரைக்குடுக்கை

எங்க அப்பத்தா வீட்டு அடுப்படியில், அடுப்புக்கு நேர் மேலே ஏழெட்டுச் சுரைக்குடுக்கைகள் தொங்கும். அவரை, பூசணி, பீர்க்கு, புடலை, கத்தரி... எல்லாம் சாம்பல் புரட்டிய விதைகள். புகை பட்டுக்கொண்டே இருப்பதால் பூச்சி அண்டாது. ஆடி பிறந்தால் போதும், தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தராக வந்து நிற்பாங்க. மடியை விரிக்கச் சொல்லி அள்ளிப் போடும் அப்பத்தா. காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயசு இருக்கும். வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துக் கொல்லை அம்மாவுக்கும் அவரை விதையை என்னிடமே கொடுத்தனுப்பியது. "அவங்களுக்கு எதுக்கு அப்பத்தா?" என்று முறைத்தேன். "சண்டை வரப்புக்குத்தான்டா, விதைக்கு என்ன வந்துச்சு? போயி குடுத்துட்டு வா" என்றது.

அந்தத் தை மாசம் எங்க அவரைப் பந்தலில் ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது. விதைக்கு ஒரு நெற்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த ஆடியில் அந்த அம்மாவே ஒரு கொட்டான் நிறைய விதையோடு எங்க வாசலில் வந்து நின்றார். எங்க அவரைதான்! அப்பத்தா தன் விதையை ஊரெல்லாம் சேமித்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்கு விதைத் திருவிழாக்களில் நானும் கடை போடுகிறேன். பத்து விதை ஒரு பொட்டலம், 30 ரூபாய். விதை எடுப்பதற்கும் உழைப்பு இருக்கு, கூலி வேணும். விற்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிப் போனவர் விதை எடுத்து வைத்தாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மறு வருசமும் அவரே வந்து அதே பொட்டலத்தை வாங்கினால் எனக்கு வியாபாரம், விதைக்கு நட்டம். அப்புறம் கம்பெனிக்காரனை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில், நெல் ஜெயராமன் அண்ணன் 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு நிபந்தனைதான் பாரம்பரிய ரகங்களை வயல் வயலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள உழவருக்கு உள்ள உரிமையை 2001ஆம் வருசச் சட்டமும் ஒத்துக்கொள்கிறது. உரிமை இருக்கு, கைதான் நீள மாட்டேங்குது.

இந்த ஆடியில் ஆளுக்கு ஒரு ரகத்தை இரண்டு வீட்டுக்குக் கொடுப்போம், திருப்பித் தரணும் என்று சொல்லியே கொடுப்போம். அதில் ஒருத்தர் யூரியா போடும் பக்கத்து வயல்காரராக இருக்கட்டும். அவரோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லையென்றால், முதலில் அவருக்கே கொடுப்போம்.