சைட் காட்ட எம்.பி.ஏ வேணுமா? திருவண்ணாமலையில் ரியல் எஸ்டேட் படிப்புக்கு என்ன வேலை?

திருவண்ணாமலைக்கு எந்த ரோட்டில் வந்தாலும் முதலில் தெரிவது மலை. அடுத்து தெரிவது மனை விற்பனை போர்டு. செங்கம் ரோடு, வேட்டவலம் ரோடு, போளூர் ரோடு, திண்டிவனம் ரோடு... எல்லாப் பக்கமும் 'கிரிவலப் பாதைக்கு மிக அருகில்', 'மலை வியூ மனைகள்' என்று கலர் கலராகக் கொடி பறக்கிறது. வெளிமாநில பக்தர்கள் கூட்டம் கூடியிருக்கிறது. 2024-ல் நகராட்சி, மாநகராட்சி ஆகியிருக்கிறது. நிலத்துக்கு மவுசு கூடாமல் என்ன செய்யும்?

உங்கள் ஃபிரெண்ட்ஸ் வட்டத்திலும் டிகிரி முடித்துவிட்டு 'சைட் காட்டும்' ஒருவராவது இருப்பார். டிரோன் வீடியோ, இன்ஸ்டா ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் அவரோட ஆபீஸ். அவரைப் பார்த்துவிட்டு, 'இதையே முறையாப் படிச்சுட்டு செஞ்சா என்ன?' என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

படிப்பு இருக்கு... ஆனா எதுக்கு?

ரியல் எஸ்டேட்டில் முதுகலை என்பது புதுசு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி 1983-லேயே இதற்குத் தனி மையம் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி ரியல் எஸ்டேட் இருக்கிறது. இந்தியாவிலும் நொய்டா அமிட்டி பல்கலைக்கழகம், புனே நிக்மார் போன்ற இடங்களில் ரியல் எஸ்டேட், நகரக் கட்டமைப்பு சார்ந்த மேலாண்மைப் படிப்புகள் நடந்துவருகின்றன. நிதி, சட்டம், நகரத் திட்டமிடல், சொத்து மதிப்பீடு, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று பாடங்கள் போகும்.

ஆனால், இந்தப் படிப்புகளின் பார்வை பெரும்பாலும் பெருநகரத்தின் மேல்தான். ஐ.டி பார்க், மால், அடுக்குமாடி, 'ரீட்' என்று போகும். அதென்ன ரீட்? பெரிய அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் திட்டம். ஷேர் போலவே வாங்கி விற்கலாம். 2019-ல் எம்பஸி நிறுவனத்தின் ரீட்தான் இந்தியாவில் முதலில் பட்டியலானது. சென்னை, பெங்களூரில் வேலை பார்க்க ஆசைப்படுபவருக்கு இதெல்லாம் தேவையான அறிவு.

திருவண்ணாமலையில் கைமாறுவதோ 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு மனை. இங்கே கேட்க வேண்டிய கேள்விகளே வேற.

மலைக்குப் பக்கம்... விலையும் ஆபத்தும்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதன்பிறகு மலைமீதான ஆக்கிரமிப்புகள் உயர் நீதிமன்றம்வரை பேசப்பட்டன.

இந்த ஊரில் மனையின் விலையைத் தீர்மானிப்பது, மலைக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான். மண் சரிந்தால் ஆபத்தைத் தீர்மானிப்பதும் அதே தூரம்தான். விளம்பரம் முதல் கணக்கை மட்டும் சொல்லும். மலையில் பெய்யும் மழை எந்த ஓடை வழியாக எந்த ஏரிக்குப் போகிறது, நடுவில் எங்கே லே-அவுட் வந்திருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது கணக்கு. அதைப் போட்டுக்காட்ட ஆள் வேணும்.

இது கோயில் ஊர் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டப் பிரிவு 34-ன்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் அப்படித்தான். சர்வே நம்பரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால், போவது அப்பாவின் பி.எஃப் பணமாக இருக்கலாம்.

சட்டம் வந்தது, பரீட்சை வரலை

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது ஞாபகம் இருக்கலாம். பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. 2017-ல் ரெரா முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் லே-அவுட் போட்டால் ரெரா பதிவு கட்டாயம். பதிவில்லாத மனையை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

ஏஜென்ட்டும் பதிவுசெய்யணும். ஆனால், அதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எதையும் கேட்கவில்லை. மகாராஷ்டிரா ரெரா 2023-ல் ஏஜென்ட்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் பரீட்சை பாஸ் பண்ணாமல் ஒரு ஃபிளாட்டைக்கூட விற்றுத்தர முடியாது. டூவீலர் ஓட்டவே லைசென்ஸ் கேட்கிற ஊரில், ஒரு குடும்பத்தின் 20 வருஷ சேமிப்பைக் கையாள ஒரு தேர்வு கேட்டால் தப்பா?

அப்போ படிக்கலாமா, வேணாமா?

நகரத்து கார்ப்பரேட் வேலைதான் லட்சியம் என்றால் எம்.பி.ஏ சரி. சேருவதற்கு முன்பு, போன வருஷம் எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைத்தது என்று பழைய மாணவர்களிடம் கேளுங்கள். கல்லூரியின் பிரசுரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

சொந்த ஊரிலேயே இருக்கணும் என்றால் வேறு இரண்டு வழிகளைப் பார்க்கலாம். ஒன்று, சொத்து மதிப்பீடு. கம்பெனி, திவால் சட்டங்களின் கீழ் சொத்துகளை மதிப்பிட 2017 முதல் 'பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்' முறை இருக்கிறது. நிலம், கட்டடத்துக்குத் தனிப் பிரிவு. சிவில், ஆர்க்கிடெக்சர், நகரத் திட்டமிடல் படித்தவர்கள், மதிப்பீட்டில் முதுகலை முடித்தவர்கள், குறிப்பிட்ட வருட அனுபவத்துடன் தேர்வு எழுதலாம். இன்னொன்று, நகரத் திட்டமிடல். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலேயே முதுகலை இருக்கிறது. மாநகராட்சியாகி வளரும் ஊருக்கு இவர்கள் ரொம்பவே தேவை.

இன்னிக்கே ஆரம்பிக்கலாம்... ஃப்ரீயா!

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா என்று ஒரு ட்ரையல் பாருங்கள். கையில் இருக்கும் போனே போதும். ஏதாவது ஒரு லே-அவுட் விளம்பரத்தை எடுத்து சர்வே நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

* தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பாருங்கள். பட்டா நிலமா, புறம்போக்கா, பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று புரியும்.

* பதிவுத்துறை தளத்தில் 30 வருஷ வில்லங்கத்தைப் பாருங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, அடமானம் இருக்கிறதா என்று தெரியும்.

* ரெரா எண் போட்டிருந்தால், அந்தத் தளத்தில் அதே பெயர், அதே சர்வே நம்பர் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

* 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டா? விதிப்படி 10 சதவிகிதம் திறந்தவெளி விடணும். பார்க் என்று வரைபடத்தில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

* ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் அதே இடத்துக்கு இன்னொரு தடவை போங்கள்.

பத்து மனைக்கு இதைச் செய்துவிட்டாலே, பல புரோக்கர்களைவிட உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இதையே ஆறு மாத சான்றிதழ் படிப்பாக்கி, திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி போன்ற உள்ளூர் கல்லூரிகளில் நடத்தினால், சைட் காட்டுகிற பசங்களுக்கும் மரியாதை, வாங்குகிறவர்களுக்கும் பாதுகாப்பு. ஏஜென்ட் பதிவுக்கு அதைத் தகுதியாக வைப்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு. பத்திரம் பதிந்த அன்றோடு புரோக்கரின் வேலை முடிந்துவிடும். வாங்கியவரின் இ.எம்.ஐ அன்றைக்குத்தான் தொடங்குகிறது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அந்த இ.எம்.ஐ கட்டுகிறவரின் பக்கம் நின்று நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று பார்த்துச் சேருங்கள்.