காலமும் வேலையும்

சித்தப்பா இன்றைக்கும் விடியுமுன்னே வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிவிட்டார். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, புதிதாக முளைக்கவிட்டு இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை சித்தப்பா, அலகு போனால் பட்டினி கிடந்து சாகும். இதை எழுதினால் 'நெகட்டிவா பேசாதப்பா' என்பார். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவன். அதைச் சொல்லவே இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. 2022-லிருந்து மூன்று தடவை எழுதியாயிற்று. 2024 ஜூனில் 6,244 இடத்துக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினோம். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், அப்போதும் என் எண் வரவில்லை. 2025 ஜூலையில் 3,935 இடம். எழுதியவர்கள் 11 லட்சத்துக்கு மேல்.

இப்போது நாலாவது தடவையாக ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஊக்கம் இல்லை என்கிறார்கள். ஊக்கமா இல்லை? ராத்திரி படுக்கும்போது எனக்கிருக்கும் ஊக்கத்துக்குக் கலெக்டரே ஆகலாம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அது எங்கேயோ போய்விடுகிறது. கண் வரிமேல் ஓடுகிறது, பக்கமும் புரள்கிறது, மண்டையில் ஒன்றும் ஏறுவதில்லை.

மேடைக்கு மேடை ஜெயித்தவனைத்தான் கூட்டி வருகிறார்கள். கட்-ஆஃபுக்கு மூன்று கேள்வி குறைந்தவன் மறுநாள் காலை எழுந்து என்ன செய்தான்? எனக்கு வேண்டியது அந்தக் கதை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு, 'விடை தெரியவில்லை' என்று. கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். கல்யாண வீட்டில் 'தம்பி இப்ப என்ன பண்ணுதீங்க?' என்கிறவர்களிடம் அந்த வட்டம் கிடையாது.

நூலகத்தில் எனக்கு எதிரே உட்காரும் அண்ணனுக்கு முப்பத்திநாலு வயது. அறிவுரையே சொல்லமாட்டார். நேற்று நான் ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "எந்திரிங்க தம்பி. ஒரு டீ, வந்து ஒரே ஒரு கணக்கு" என்றார். காலமும் வேலையும். 12 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலையை 8 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 15. சரியாக வந்தது. பிறகு இன்னும் நாலு போட்டோம். ஒரே ஆள் நாலு வருஷமாக முடிக்காத வேலைக்கு மட்டும் அந்தப் பாடத்தில் கணக்கில்லை.

நேற்று டீக்கு அவர் கொடுத்தார். இன்றைக்கு என் முறை, அதற்காகவாவது போகவேண்டும்.